மணலில் வண்டி இறக்கும் முன்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நவம்பர் பிறந்து வெயில் தணிந்ததும் வளைகுடாவில் வார விடுமுறை என்றாலே பாலைவனம்தான். துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையோரம் செக்கச்சிவந்து நிற்கும் பிக் ரெட், ஷார்ஜாவின் மலீஹா அருகே ஃபாசில் ராக், அபுதாபிக்குத் தெற்கே ருப் அல் காலி பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் லிவா என்று வாரந்தோறும் வண்டிகள் வரிசை கட்டும். அங்கே பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. காசு சேர்த்துப் பழைய பஜேரோவோ ப்ராடோவோ வாங்கியவருக்கு அதை ஒருமுறை மணலில் இறக்கிப் பார்க்க ஆசை வருவது இயல்பு. நல்ல ஆசைதான். ஆனால் தார்ச்சாலையில் பல வருடம் ஓட்டிய பழக்கம் மணலில் கைகொடுக்காது. பிரேக் மிதிப்பது, ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிப்பது போன்ற சில பழக்கங்கள் அங்கே வண்டியைக் கவிழ்த்தே விடும்.

முதலில் விட வேண்டியது, "ஃபோர் வீல் இருக்கிறது, எங்கேயும் போகும்" என்ற நம்பிக்கை. ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1930-ல் எகிப்தின் பெரும் மணற்கடலுக்குள் ஃபோர்டு கார்களை ஓட்டிச் சென்றார். அந்தக் கார்களில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். டயரில் காற்றைக் குறைப்பது, புதைந்த சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடு கொடுப்பது, எந்த மணல் இறுகியது, எது பொலபொலப்பானது என்று பார்த்தே கணிப்பது ஆகிய முறைகளால்தான் அவரும் தோழர்களும் அந்த மணலைக் கடந்தார்கள். 1940-ல் அவர் உருவாக்கிய லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்ற படைப்பிரிவு இதே முறைகளைப் போரில் கையாண்டது. இன்று நம் கையில் இருக்கும் வண்டி அவருடையதைவிடப் பல மடங்கு பலமானது. முறை மட்டும் மாறவில்லை. அந்த முறையைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. புறப்படும் முன்

செய்ய வேண்டியவை

• குறைந்தது இரண்டு வண்டிகளாகப் போங்கள். மூன்று இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று புதைந்தால் இன்னொன்று இழுக்கும். இரண்டும் மாட்டிக்கொண்டால் மூன்றாவது போய் உதவி கொண்டுவரும். அனுபவமுள்ள ஒருவர் முன்னால் போகட்டும். அனுபவமுள்ள இன்னொருவர் கடைசியில் வரட்டும்.

• எங்கே போகிறீர்கள், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டிலோ நண்பரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். "இத்தனை மணிக்குள் நான் கூப்பிடவில்லை என்றால் போலீஸுக்குச் சொல்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். வரைபடத்தை நெட் இல்லாமலும் பார்க்கும்படி போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேடுகளுக்கு இடையிலான பள்ளத்தில் சிக்னல் கிடைக்காமல் போகலாம்.

• இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பாருங்கள். பல வண்டிகளில் அது டூல்ஸ் பையில் தனியாகக் கிடக்கும். பம்பரில் திருகி மாட்ட வேண்டும். மணலில் இறங்கும் முன்பே மாட்டிவிடுங்கள். புதைந்த பிறகு பம்பரே மணலுக்குள் போயிருக்கும்.

• எடுத்துக்கொள்ள வேண்டியவை: காற்றழுத்தமானி, காற்று நிரப்பும் கம்ப்ரஸர், நீளக் கைப்பிடி உள்ள மண்வாரி, மணல் பலகைகள் ஒரு ஜோடி, இழுவைக் கயிறு, ஷேக்கிள், ஜாக்கிக்கு அடியில் வைக்க அகலமான கனத்த பலகை, நல்ல ஸ்டெப்னி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, டார்ச்.

• ஒருவருக்குக் குறைந்தது 5 லிட்டர் தண்ணீர் வையுங்கள். இரவு தங்க நேரும் என்று எண்ணியே தண்ணீரையும் சாப்பாட்டையும் கணக்கிடுங்கள். டேங்க்கை முழுதாக நிரப்புங்கள். மணல் ஓட்டம் சாலையைவிட மிக அதிகமாக எரிபொருள் குடிக்கும்.

• வண்டியில் உயரமான கொடிக்கம்பு கட்டுங்கள். மேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வருபவருக்கு உங்கள் வண்டி தெரியும் முன்பே கொடி தெரியும்.

செய்யக்கூடாதவை

• கோடையில் போகாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிழலிலேயே 45 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அந்த வெயிலில் மண்வாரியோடு அரை மணி நேரம் போராடினாலே ஆள் சுருண்டுவிடுவார்.

• "சாலை கண்ணுக்கெதிரே தெரிகிறதே" என்று தனி வண்டியாக இறங்காதீர்கள்.

• வாடகை வண்டியை மணலுக்குக் கொண்டுபோகாதீர்கள். சொந்த வண்டியானாலும் சாலைக்கு வெளியே நடக்கும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பொருந்துமா என்று பாலிசியில் பார்க்காமல் போகாதீர்கள்.

• கூரைமேல் கனத்த சாமான் ஏற்றாதீர்கள். மேல்பாரம் கூடினால் சரிவில் வண்டி எளிதில் கவிழும். உள்ளேயும் எதையும் கட்டாமல் போடாதீர்கள். குலுக்கலில் ஒரு தண்ணீர் கேன் பறந்து வந்து பட்டாலே மண்டை உடையும்.

• கர்ப்பிணிகளையும் முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்களையும் மேடு ஏற அழைத்துப் போகாதீர்கள். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது.

2. டயரில் காற்று

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். சுமார் 2,000 கிலோ எடையுள்ள வண்டியில் டயர் அழுத்தம் 35 பிஎஸ்ஐ என்றால், நான்கு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 800 சதுர சென்டிமீட்டர். அழுத்தத்தை 15-ஆகக் குறைத்தால் அது 1,900-ஐ நெருங்கும். எடை அதேதான், தாங்கும் இடம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. டயர் அகலத்தில் விரிவதைவிட நீளத்தில் அதிகம் படியும். ஒட்டகத்தின் பாதம் மணலில் விரிந்து பதிவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

செய்ய வேண்டியவை

• மணலுக்குள் நுழையும் முன், இறுகிய தரையில் நிறுத்திக் காற்றை இறக்குங்கள். 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை நல்ல தொடக்கம். நான்கு டயரிலும் ஒரே அளவு இருக்கட்டும்.

• ஓட்ட ஓட்ட டயர் சூடாகி அழுத்தம் ஏறும். அரை மணி நேரம் ஓடியதும் மீண்டும் அளந்து பாருங்கள்.

• வண்டி திணறினால் எஞ்சினை முறுக்காமல் காற்றை மேலும் இறக்குங்கள். மிகவும் மிருதுவான மணலில் 12 வரை போகலாம். புதைந்த வண்டியை வெளியே எடுக்க மட்டும் 10 வரை இறக்கி, வெளியே வந்ததும் பழையபடி ஏற்றிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• "திரும்பக் காற்று அடிப்பது தொல்லை" என்று 25, 28-லேயே விட்டுவிடாதீர்கள். மிச்சமாகும் பத்து நிமிடத்துக்காக இரண்டு மணி நேரம் மண் வார வேண்டிவரும்.

• கண்ணளவில் காற்று இறக்காதீர்கள். மானி இல்லாமல் 15-க்கும் 9-க்கும் வித்தியாசம் தெரியாது.

• குறைந்த காற்றில் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காதீர்கள். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திருப்பங்களை அகலமாக எடுங்கள்.

3. மணலில் ஓடும்போது

மணல்மேட்டுக்கு இரண்டு முகம். காற்று வரும் பக்கம் சரிவு குறைவு; பெரும்பாலும் 10, 15 டிகிரிதான். காற்று அழுத்தி அழுத்தி அந்தப் பக்க மணல் இறுகியிருக்கும். காற்று மறையும் பக்கத்தில் மணல் உருண்டு விழுந்து 30 முதல் 34 டிகிரி சரிவில் நிற்கும். கால் வைத்தாலே சரியும். அமீரகத்தில் ஓங்கி வீசும் ஷமால் காற்று வடமேற்கிலிருந்து வருவது. எனவே ஏறத்தக்க முகத்தைப் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் தேட வேண்டும். காற்று திசை மாறினால் முகட்டின் உருவமும் மாறும். போன வாரம் ஏறிய மேடு இந்த வாரம் வேறு மேடு.

செய்ய வேண்டியவை

• மணல் தொடங்கும் முன்பே ஃபோர் வீலுக்கு மாற்றுங்கள். பொதுவான ஓட்டத்துக்கு 4எச் (ஹை ரேஞ்ச்), மிக மிருதுவான இடத்துக்கும் செங்குத்தான இறக்கத்துக்கும் 4எல் (லோ ரேஞ்ச்).

• டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலையும் அணைத்துவிடுங்கள். சக்கரம் கொஞ்சம் சுழன்றாலும் அவை எஞ்சின் பலத்தைக் குறைத்துவிடும். மேடு ஏறும் நடுவில் வண்டி செத்து நிற்கும். சில வண்டிகளில் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால்தான் முழுதும் அணையும். சாண்ட் மோட் இருந்தால் கையேட்டைப் படித்துப் பயன்படுத்துங்கள்.

• ஆட்டோமேட்டிக் வண்டியானாலும் கியரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மேட்டின் பாதியில் வண்டி தானாக மேல் கியருக்குப் போனால் வேகம் அறுந்துவிடும்.

• ஆக்ஸிலரேட்டரைச் சீராக மிதியுங்கள். மணலில் வேண்டியது அறுபடாத ஓட்டம், வேகம் அல்ல.

• நிற்க வேண்டுமானால் பிரேக் மிதிக்காமல் காலை எடுத்துவிட்டு வண்டி தானாக நிற்க விடுங்கள். மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்தினால் கிளம்புவது எளிது.

• முன்வண்டியின் தடத்திலேயே போங்கள்; இடைவெளி விடுங்கள். முன்வண்டி மேட்டைக் கடந்து, "வா" என்று சைகையோ வாக்கிடாக்கியில் குரலோ கொடுத்த பிறகே நீங்கள் ஏற வேண்டும்.

• கட்டைவிரல்களை ஸ்டியரிங்கின் உள்பக்கம் மாட்டாமல் வெளியே வையுங்கள். சக்கரம் எதிலாவது இடித்தால் ஸ்டியரிங் சுழன்று விரலை உடைக்கும். சீட் பெல்ட் எல்லோருக்கும் கட்டாயம்.

• எஞ்சின் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முள் ஏறினால் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி ஆறவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• சரிவில் குறுக்காக ஓட்டாதீர்கள். ஏறுவதும் இறங்குவதும் நேராகவே இருக்கட்டும். தவறிக் குறுக்கே போய்ப் பின்பக்கம் நழுவினால் மேல்பக்கம் திருப்பாதீர்கள். அங்கேதான் வண்டி கவிழும். ஸ்டியரிங்கை இறக்கத்தின் பக்கம் திருப்பி, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, சரிவோடு இறங்கிவிடுங்கள்.

• நண்பகலில் பெரிய மேடுகளுக்குப் போகாதீர்கள். உச்சி வெயிலில் நிழல் விழாது. பள்ளமும் மேடும் ஒரே தட்டையாகத் தெரியும். காலையில் நிழல் தெளிவாக இருக்கும். இரவுப் பனியின் ஈரத்தால் மணலும் கொஞ்சம் இறுகியிருக்கும்.

• சப்கா என்னும் உப்புநிலத்தில் தடம் விட்டு விலகாதீர்கள். கடற்கரையோரத்திலும் லிவா மேடுகளுக்கு நடுவிலும் தட்டையாக, தார்போட்டதுபோல் தெரியும் நிலம் அது. மேலே உப்புப் பொருக்கு, அடியில் சேறு. பொருக்கு உடைந்தால் மணலில் புதைவதைவிட மோசம். நிறம் கறுத்து ஈரமாகத் தெரிந்தால் சுற்றிப் போங்கள்.

• பந்தயம் வேண்டாம். மது வேண்டவே வேண்டாம்.

4. முகட்டில்

பெரிய விபத்துகளின் இடம் இது. ஏறும்போது கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் மெல்லிய இறக்கமா, கத்தி வெட்டாக விழும் சரிவா, மாட்டிக்கொண்ட வேறொரு வண்டியா, உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் மனிதர்களா என்று தெரியாது.

செய்ய வேண்டியவை

• அறியாத முகடு என்றால் கீழே நிறுத்தி, நடந்து ஏறிப் பாருங்கள். ஒருவரை மேலே நிறுத்திச் சைகை காட்டச் சொல்லுங்கள்.

• வேகத்தை அடிவாரத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சி நெருங்கும்போது காலைத் தளர்த்துங்கள். முன்சக்கரங்கள் மெல்ல முகட்டைத் தாண்டி மூக்கு கீழே சாயும் அளவுக்கு ஓட்டம் இருந்தால் போதும்.

• இறக்கத்தில் முதல் கியரில், நேராக, எஞ்சின் பிடிமானத்தில் இறங்குங்கள். பின்பக்கம் விலகத் தொடங்கினால் சிறிது ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள், வண்டி நேராகும்.

• ஏற முடியாமல் நடுவில் நின்றுவிட்டால் உடனே ரிவர்ஸ் போட்டு, ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்குங்கள். அடுத்த முறை காற்றைக் குறைத்தோ இன்னும் தொலைவிலிருந்து வந்தோ முயலலாம்.

செய்யக்கூடாதவை

• முகட்டிலிருந்து பாயாதீர்கள். வண்டி மூக்கு குத்தி விழும்போது உள்ளே இருப்பவர்களின் முதுகெலும்பு நொறுங்கும்.

• முகட்டின் உச்சியில் தயங்கி நிற்காதீர்கள். வயிறு மணலில் தட்டி, நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்கும்.

• பாதி ஏறியபின் வண்டியைத் திருப்பி இறங்கப் பார்க்காதீர்கள். வண்டி உருளுவதற்கு அதுவே நேர்வழி.

• இறக்கத்தில் பிரேக் மிதிக்காதீர்கள். முன்சக்கரம் மணலில் புதைந்து, பின்பக்கம் சுற்றி வந்துவிடும்.

5. புதைந்தால்

புதைவது தவறல்ல. மணலில் ஓட்டும் எல்லோரும் புதைவார்கள். புதையத் தொடங்கிய அந்தக் கணத்தில் கால் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்றால் உடனே காலை எடுங்கள். அந்த நொடியில் எடுத்தால் வேலை ஐந்து நிமிடம். "இன்னும் கொஞ்சம்" என்று முறுக்கினால் சேசிஸ் வரை இறங்கிவிடும்.

செய்ய வேண்டியவை

• முதலில், வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெல்ல வந்து பாருங்கள். அந்த மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும்.

• வரவில்லை என்றால் எல்லோரும் இறங்குங்கள். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் உள்ள மணலையும் வயிற்றுக்கு அடியில் தட்டும் மணலையும் வாரி எடுங்கள். சக்கரத்தின் எதிரே சரிவாக வழி வெட்டி, பலகையைச் சக்கரத்தோடு ஒட்டி வையுங்கள். காற்றை இறக்குங்கள். பிறகு மெல்ல நகர்த்துங்கள்.

• இழுக்க வேண்டுமானால் வண்டி உற்பத்தியாளர் அதற்கென்றே வைத்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். இழுக்கும் முன் மண் வாரிவிட்டால் பாதி பலமே போதும்.

• இழுக்கும்போது சுற்றி நிற்பவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். கயிற்றின் நடுவில் கனத்த துணியோ போர்வையோ போடுங்கள்; அறுந்தால் அது வேகத்தைக் குறைக்கும்.

• எதுவும் பலிக்கவில்லை என்றால் வண்டியருகே நிழலில் இருந்து உதவிக்கு அழையுங்கள். அமீரகத்தில் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998, ஓமானில் 9999. போனில் உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

• டிரெய்லர் மாட்டும் இழுவைக் குண்டில் ஒருபோதும் கயிறு மாட்டாதீர்கள். மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் விசையில் அந்தக் குண்டு ஒடிந்து, கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே பாயும். ஆஸ்திரேலியாவில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

• சாதாரணக் கயிற்றைச் சுண்டி இழுக்காதீர்கள். ஓட்டம் எடுத்து இழுப்பதற்கு நீளும் தன்மையுள்ள கைனெட்டிக் கயிறு தனியாக உண்டு.

• ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ நுழைக்காதீர்கள். மணலில் ஜாக்கி நழுவும்.

• வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். மேலிருந்து தேடுபவர்களுக்கு வண்டி தெரியும்; நடந்து போகும் மனிதர் தெரியமாட்டார்.

6. அந்த நிலத்தில் வாழும் உயிர்கள்

செய்ய வேண்டியவை

• காஃப் மரங்களைச் சுற்றி விலகி ஓட்டுங்கள். நம் ஊர் சிவன் கோயில்கள் பலவற்றில் தல மரமாக நிற்கும் வன்னிதான் அது. அமீரகத்தின் தேசிய மரமும் அதுவே. பாலையில் ஒரு வன்னி வளர எத்தனை காலமாகும் என்று அந்த மண்ணைப் பார்த்தாலே தெரியும்.

• ஒட்டகம் கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைத்து வழி விடுங்கள். அவற்றுக்கு உடையவர்கள் உண்டு.

• கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒட்டகங்கள் பையைத் தின்று, அது வயிற்றில் திரண்டு கல்லாகி, இரை எடுக்க முடியாமல் சாகின்றன.

செய்யக்கூடாதவை

• வேலியிட்ட காப்பகங்களுக்குள் நுழையாதீர்கள். 2003-ல் அமைந்த துபாய் பாலைவனக் காப்பகம் சுமார் 225 சதுர கிலோமீட்டர். அரேபிய ஓரிக்ஸ் மான்கள் அங்கே மீண்டும் பெருகியிருக்கின்றன.

• புல், செடி முளைத்த மணலை உழுதுவிட்டுப் போகாதீர்கள். மணலைப் பிடித்து நிறுத்துவது அந்த வேர்கள்தான். சேசிஸில் சிக்கும் காய்ந்த செடி, சூடான சைலன்ஸரில் பட்டுத் தீயும் பிடிக்கும்.

7. சாலைக்குத் திரும்பும்போது

செய்ய வேண்டியவை

• தார்ச்சாலை ஏறும் முன்பே நான்கு டயரிலும் முழு அளவுக்குக் காற்று நிரப்புங்கள். டயரின் பக்கச்சுவரில் கீறலோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

• அணைத்த டிராக்‌ஷன் கன்ட்ரோலை மீண்டும் போடுங்கள். ஃபோர் வீலை விடுவியுங்கள். பிரேக்கை மெதுவாக இரண்டு, மூன்று முறை மிதித்துச் சோதியுங்கள்.

• வீட்டுக்கு வந்ததும் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். வண்டியின் அடிப்பாகத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். சப்காவில் போயிருந்தால் அன்றே கழுவ வேண்டும். உப்பு இரும்பைத் தின்னும்.

செய்யக்கூடாதவை

• 15 பிஎஸ்ஐயோடு "பெட்ரோல் பங்க் வரைதானே" என்று நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். மணலில் தப்பி வந்தவர்கள் சாலையில் போய்விடக்கூடாது.

• களைத்த உடம்போடு இரவில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். ஓட்டத் தெரிந்த இன்னொருவரிடம் சாவியைக் கொடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் என்று சொல்லப்படும் லிவாவின் தல் மொரீப் மேட்டைப் படத்தில் பார்த்துவிட்டு நேரே அங்கே போகாதீர்கள். முதல் சில முறை தட்டையான மணலிலும் சிறு மேடுகளிலும், கற்றுத்தரக்கூடிய ஒருவரோடு ஓட்டிப் பழகுங்கள். காற்றை இறக்கவும், சக்கரம் சுழன்றதும் காலை எடுக்கவும், "இந்த மேடு இன்றைக்கு வேண்டாம்" என்று திரும்பவும் பழகியவர்தான் பெரிய மேட்டுக்குத் தகுதியானவர். ஏறாமல் விட்ட மேட்டுக்கு இன்னொரு நாள் போகலாம். உங்களோடு வந்தவர்கள் எல்லோரும் நல்லபடி வீடு திரும்பினால்தான் அது நல்ல பயணம்.